ஐம்பது பாஸ்கல்

வாசற்கதவைத் திறந்துவைத்து
சட்டத்தில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவில் விசிறியைப் பொருத்துவேன்.
அதுதான் என் தொழில்.
விசிறி உள்காற்றை உறிஞ்சி வெளியே துப்பும்.
பிறகு வீடு
எங்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்ததோ
அங்கெல்லாம் விசிலடிக்கும்.

மட்டானில் ஜனவரி.
வரைபடம் ஆறு என்கிறது, ஊர் கடல் என்கிறது,
எதுவானாலும் கரையோரம் உறைந்துகிடக்கிறது.
ஓதில் மின்கட்டணத் தாளை
மடிப்பு நீவி மேசையில் வைத்திருந்தாள்,
பள்ளியிலிருந்து வந்த புகார்க் கடிதம் போல.
"பல்பெல்லாம் மாற்றியாச்சு.
துணி துவைப்பது குளிர்நீரில்.
இன்னும் என்னதான் தின்கிறது இந்த வீடு?"

ரொஸேர் ஒன்றும் சொல்லவில்லை.
நிலவறைப் படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தான்,
வழியை மறைக்காத மாதிரி மறைத்துக்கொண்டு.

ஐம்பது பாஸ்கல்.
புகைப்பேனாவை நீட்டியபடி சுற்றினேன்.
பிளக் துளைகளில் புகை துள்ளியது.
பரண் மூடியின் நாலு ஓரமும் கத்தி.
பாத்திரத் தொட்டிக்கடியில், குழாய் நுழையும் ஓட்டையில்
யாரோ பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள்,
ஹாக்கி முடிவுகள் பக்கம்;
தோற்ற அணியின் பெயரை மட்டும் வாசிக்க முடிந்தது.
எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சன்னல் என்றேன்,
வருஷம் பூரா திறந்தே கிடக்கிற சன்னல்.
"அதைச் சூடாக்கவா நான்
ஆஸ்பத்திரிச் சலவையறையில் ராவேலை பார்க்கிறேன்?"

பணம் பாதாளம்வரை பாயும் என்பார்கள்.
பாதாளத்துக்குப் பதினோரு படி.
அங்கே நின்றது
வெண்ணெய் மஞ்சளில், கைப்பிடிக்குக் கயிறு கட்டிய
ஒரு பழைய குளிர்பெட்டி.
மேலே ஒன்று இருக்கிறது, புதியது.
இது உறுமும், நிற்கும், தோள் குலுக்கி மறுபடி உறுமும்.
திறந்தேன். மூன்று பீர்.
ஒரு டப்பா தூண்டில் புழு.
மீட்டரை மாட்டிவிட்டுப் போய்
மூன்றாம் நாள் வந்து பார்த்தால்
வீட்டு விளக்குகள் அத்தனையும் தின்றதைவிட
இது ஒன்று தின்றது அதிகம்.

அன்றைக்கு வெப்பக் கேமராவும் கொண்டுவந்திருந்தேன்.
சுவரெல்லாம் நீலம், மூலையில் ஊதா.
பெட்டியின் தலைமேல் மட்டும்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழங்கை, ஒரு உள்ளங்கை.
விளக்குப் போட எனக்கு முன்னே இறங்கியவன்
பழக்கத்தில் அதில் சாய்ந்து விலகியிருக்கிறான்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மஞ்சளாகி, பச்சையாகி, போய்விட்டது.
பக்கத்தில் முக்காலி. மெத்தை நடுவில் பள்ளம்.
மேலே சோபாவிலும் பள்ளம் பார்த்தேன்,
ஒரு பக்கம்தான்.

என் படிவத்தில் கசிவுக்குக் கட்டம் உண்டு,
கண்ணாடிக்கு உண்டு, காப்புப் பஞ்சின் தடிமனுக்கு உண்டு.
இதற்கு இல்லை.
'பழைய சாதனம், அகற்றவும்' என்று எழுதினேன்.

"சத்தம்," என்றான் ரொஸேர்.
நான் கேட்ட அவனுடைய முதல் சொல்.
"அது ஓடினால் மேலே நடக்கிறது கேட்காது."
யார் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் மறுசோதனை.
பரணில் முழங்கால் ஆழத்துக்குச் செல்லுலோஸ்,
குழாய் ஓட்டையில் நுரை, வாசலுக்குப் புது ரப்பர்.
தரையோர ஹீட்டர்கள் பாதி அணைந்திருந்தன,
சுவரில் புதிதாக ஒரு வெப்ப பம்ப்.
அதே ஐம்பதில்
மணிக்கு ஒன்பது தடவை மாறிய காற்று
இப்போது நாலு தடவை.
நிலவறையில் பெட்டி நின்ற இடம்
சதுரமாய் வெளுத்திருந்தது.
முக்காலியைக் காணோம்.

விசிறியை நிறுத்தினேன்.
கடிகாரம் கேட்டது.
ஓதிலின் செருப்பு கேட்டது.
சமையலறையில் முக்காலி, அதில் ரொஸேர்,
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு.
"இவர் மூக்கால் சீட்டியடிக்கிறார்" என்றாள்.
"இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. சகிக்கவில்லை.
அதை அடைக்க ஏதாவது இருக்கா உங்களிடம்?"
கத்தியை நிறுத்தாமல் அவன் சொன்னான்:
"இன்னும் நாலு கசிகிறதாமே. அதில் ஒன்று நான்."

அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை,
துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
வண்டியில் ஏறியபிறகுதான்
ஒரு கையுறையை அங்கேயே விட்டது தெரிந்தது.
திரும்பிப் போகவில்லை.
அந்தக் கதவு இப்போதுதான்
ஒரே தள்ளில் மூடப் பழகியிருக்கிறது.